ஒரு இ.சி.ஜி. போதுமா?

நம் வணிகப் பெருமக்கள் காலையில் கடை திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும்வரை தம் உடலைப் பற்றி நினைப்பதில்லை. எப்போதாவது நெஞ்சு படபடத்தால் ஒரு இ.சி.ஜி. எடுக்கிறோம். "ஒன்றுமில்லை" என்றதும் நிம்மதியாகக் கடைக்குத் திரும்புகிறோம். அந்த நிம்மதி சரிதானா?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். அப்போது இரத்தம் முழுதாக வெளியேறாமல் மேலறையில் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

பலருக்கு இது வந்து வந்து போகும்; சிலருக்குப் படபடப்பே தெரியாது. சாதாரண இ.சி.ஜி. பதிவு செய்வதோ சுமார் 10 விநாடிகள்தான். இரவில் கிட்டங்கியில் மூட்டையைக் கடிக்கும் எலியைப் பகலில் ஒரு முறை எட்டிப் பார்த்துப் பிடிக்க முடியுமா? எனவேதான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை உடலில் மாட்டி அனுப்புகிறார்கள். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் முதுகில் சுமந்து சோதித்த கருவி சுமார் 38 கிலோ! இன்று அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது.

காரணம் தெரியாத பக்கவாதம் கண்டவர்களுக்குத் தோலுக்கடியில் சிறு கருவி பொருத்துவதும் உண்டு. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், 12 மாதங்களில் இக்கருவி 100-க்கு 12 பேரிடம் கோளாறைக் காட்டியது. வழக்கமான பரிசோதனையில் சிக்கியவர்கள் 2 பேரே.

கண்டுபிடித்தால் என்ன லாபம்? வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றைக் கணக்கிட்டு, தேவையானால் மருத்துவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார். வார்ஃபரின் மாத்திரை ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. புதிய மாத்திரைகளில் அந்த அலைச்சல் இல்லை. ஆஸ்பிரின் இவற்றுக்கு ஈடாகாது. எதையும் நாமாக நிறுத்துவதும் கூடாது.

65 வயதைக் கடந்தவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். துடிப்பு ஒழுங்கின்றி இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கடையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை வைக்கத் தவறாத நாம், நம் நாடியைச் சோதிக்கவும் தவற வேண்டாம்.