கறைபடாத ஏடு

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகும் புலவர் முதற்கண் செய்வது யாது? கிடைக்கும் ஏடுகளையெல்லாம் தொகுத்து ஒப்புநோக்குதலேயாம். பெயர்த்தெழுதினோர் கைபட்டுத் திரிந்த பாடங்களும், செல்லரித்து மறைந்த அடிகளும், இடையே பிறர் செருகியனவும் அவரை மயக்கும். பிற்காலத்தார் கைபடாத ஏடொன்று கிடைக்குமாயின் அவர் எய்தும் மகிழ்ச்சிக்கு எல்லையுண்டோ? இக்காலத்து வானநூலார் சிலரும் இத்தகைய ஏடொன்றைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தனர். அவர் தேடியது பனையோலையன்று. விண்ணிற் சுழலும் ஒரு சிறு கல்லாகும். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் சூரிய மண்டலம் ஏறக்குறைய 456 கோடி ஆண்டுகட்கு முன், வாயுவும் தூசும் நிறைந்த பெருமுகிலொன்று தன் ஈர்ப்பினாற் சுருங்கியமையால் உண்டாயிற்று என்பது அறிஞர் துணிபு. நடுவே திரண்டது சூரியனாயிற்று. அதனைச் சூழ்ந்து தட்டைப்போற் சுழன்ற தூசு, துகளோடு துகள் ஒட்டிக் கல்லாயிற்று. கற்கள் சேர்ந்து மலையளவாயின. அவை தம்முள் மோதி இணைந்து கிரகங்களாயின. இங்ஙனம் பெருத்த பூமி வெப்பத்தால் உருகிற்று. இரும்பு முதலிய கனத்த பொருள்கள் மையத்தில் ஆழ்ந்தன. இலேசானவை மேலே மிதந்தன. அதன்பின் மழையும் காற்றும் எரிமலையும் அதன் மேற்பரப்பை ஓயாது மாற்றி வருகின்றன. ஆகவே பூமி, தன் பிறப்பின் வரலாற்றைத் தானே அழித்து அழித்து எழுதிய ஏடாகும்.

எனினும், கிரகமாகத் திரளாது எஞ்சிய துண்டுகளும் உள. அவற்றைச் சிறு கோள்கள் என்பர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அவை மிகுதியாகச் சுழல்கின்றன. 1801 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் பியாஸி என்னும் வானநூலார் சீரிஸைக் கண்டதே இவ்வகையில் முதற் கண்டுபிடிப்பு. இன்று இலட்சக்கணக்கானவை அறியப்பட்டுள்ளன. ஆயினும் அவ்விடைவெளியிலுள்ள யாவற்றையும் ஒன்றாகத் திரட்டினும், நம் சந்திரனது எடையில் நூற்றில் ஐந்து பங்கு தேறாது. இவற்றுட் பல, பூமியைப்போல் முற்றும் உருகாதவை. ஆதிநாட் பொருள் இவற்றில் இன்னும் தங்கியிருப்பது அதனாலேயே.

இவற்றின் துணுக்குகள் எரிகற்களாய்ப் பூமியில் வீழ்வதுண்டு. 1969 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்ஸிகோ நாட்டில் அலெண்டே என்னுமிடத்தில் வீழ்ந்த எரிகல்லில், கால்சியமும் அலுமினியமும் செறிந்த வெண்ணிறத் துணுக்குகள் காணப்பட்டன. இத்தகைய துணுக்குகளே நம் மண்டலத்தில் முதன்முதல் உறைந்த திடப்பொருள்களாம். மேற்கூறிய 456 கோடி ஆண்டு என்னும் கணக்கும், யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக்கொண்டு இவற்றினின்று பெறப்பட்டதே.

ஆனால் எரிகல்லில் ஒரு குறையுண்டு. வீழும்பொழுது அதன் புறம் எரிகின்றது. மண்ணிற் கிடந்து அஃது ஈரத்தை உறிஞ்சுகின்றது. நுண்ணுயிர்கள் அதிற் குடிபுகுகின்றன. பின்னர், உயிர்ப்பொருளுக்குரிய கூறொன்று அதிற் காணப்படின், அது விண்ணினின்று வந்ததோ, மண்ணிற் சேர்ந்ததோ என்னும் ஐயம் எழுகின்றது. இடைச்செருகல் புகுந்த ஏட்டின் நிலையும் இதுவேயன்றோ?

இவ்வையத்தை நீக்கும் வழி, கல் நம்மிடம் வீழக் காத்திராது நாமே கல்லிடம் செல்லுதலாம். ஜப்பானியர் 'ஹயபூஸா' என்னும் கலத்தை அனுப்பி, 2010 ஆம் ஆண்டில் இவ்வழியில் முதல் வெற்றி கண்டனர். அமெரிக்காவில் அரிஸோனா சர்வகலாசாலைப் பேராசிரியர் மைக்கேல் டிரேக் என்பவரும், அவரினும் இளையவராய் எரிகல் ஆராய்ச்சியில் வல்லவராகிய டான்டே லாரெட்டா என்பவரும் 2004 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டனர். அவர்தம் திட்டம் முதலில் ஏற்கப்படவில்லை. 2011 மே மாதத்தில்தான் நாஸா நிறுவனம் அதனைத் தெரிந்தெடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே டிரேக் காலமானார். தலைமைப் பொறுப்பு லாரெட்டாவைச் சார்ந்தது.

'ஒஸைரிஸ்-ரெக்ஸ்' என்னும் அக்கலம் 2016 செப்டம்பர் 8 இல் புறப்பட்டு, 2018 டிசம்பரில் பென்னு என்னும் சிறு கோளை அடைந்தது. பென்னுவின் குறுக்களவு ஏறக்குறைய 490 மீட்டரே. மணற்பாங்கான இடங்கள் இருக்குமென எதிர்பார்த்தனர். கண்டதோ எங்கணும் பாறைகள். ஓராண்டுக்கு மேலாகப் படமெடுத்து ஆராய்ந்து, ஒடுங்கியதோர் இடத்தைக் குறித்தனர். 2020 அக்டோபர் 20 இல் கலம் தன் நீண்ட கையைத் தாழ்த்திச் சில விநாடிகளே பென்னுவைத் தீண்டி, நைட்ரஜன் வாயுவை ஊதித் துகள்களைக் கிளப்பிப் பற்றியது. அக்கை தளர்ந்த சரளையில் அரை மீட்டரளவு புதைந்தது. பென்னு ஒரே பாறையன்று, மெல்லிய ஈர்ப்பினாற் கூடிய கற்குவியலே என்பது இதனாலும் வலியுறுத்தப்பட்டது. அள்ளிய கற்களிற் சில மூடியிற் சிக்கியமையால் துகள்கள் வெளியே சிந்தலாயின. ஆதலின் எடை காணும் எண்ணத்தை விடுத்து, விரைந்து அவற்றைப் பேழையுள் அடைத்தனர்.

அப்பேழை 2023 செப்டம்பர் 24 இல் யூட்டா பாலைவனத்தில் இறங்கிற்று. நைட்ரஜன் நிறைந்த கூண்டினுள் வைத்துத் திறக்கையில், 35 திருகுகளில் 2 அசைய மறுத்தன. விரைந்து உடைத்தால் கறைபடுமென அஞ்சி, தனிக் கருவி செய்து, 2024 ஜனவரி வரை பொறுத்திருந்து கழற்றினர். வேண்டுமெனக் குறித்தது 60 கிராம், கிடைத்ததோ 121.6 கிராம்.

முதல் ஆராய்ச்சிகளின் முக்கிய முடிவுகள் சில 2025 ஜனவரியில் வெளிவந்தன. உயிர்கள் புரதம் ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதிலுள்ளன. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து மூலக் காரங்களும் உள. அம்மோனியாவும் மிகுதி. உவர்நீர் வற்றிப் படிந்த உப்புக்களும் காணப்பட்டன. ஆகவே, பென்னு எந்தப் பெருங்கோளினின்று உடைந்து பிரிந்ததோ, அதனுள் ஒருகாலத்தில் நீர் இருந்தது. அஃது அம்மோனியாவும் பனியாய் உறையும் குளிர்மிக்க சேய்மையிற் பிறந்திருத்தல் வேண்டும் என உய்த்துணர்கின்றனர்.

இதனால் பென்னுவில் உயிர் வாழ்ந்ததெனக் கொள்ளுதல் தவறு. எழுத்துக்கள் கிடைத்தன, நூல் கிடைக்கவில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. அமினோ அமிலத்தின் அணுக்கள் நம் இரு கைகளைப்போல் இடமாகவும் வலமாகவும் அமையக்கூடும். பூமியிலுள்ள உயிர்கள் புரதத்திற்கு இட அமைப்பையே ஆள்கின்றன. சில எரிகற்களிலும் இடம் மிகுந்திருக்கக் கண்டு, அச்சார்பு விண்ணிலேயே தோன்றியதெனப் பலர் எண்ணியிருந்தனர். பென்னுவிலோ இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே உள்ளன. எனவே, தீர்ந்ததாகத் தோன்றிய வினா மீண்டும் எழுந்துள்ளது. கறைபடாத ஏட்டின் பயன் இதுவே. நாம் விரும்பும் பாடத்தையன்றி, உள்ள பாடத்தையே அது காட்டும்.

இத்துணை அரிதின் முயன்று கொணர்ந்த பொருளில் நூற்றுக்கு எழுபது பங்கேனும் பிற்காலத்தார்க்கென வைத்தல் வேண்டுமென முடிவு செய்துள்ளனர். இன்னும் ஆக்கப்படாத கருவிகளைக்கொண்டு, இன்னும் எழாத வினாக்களுடன் வருவோர்க்கு அது காத்திருக்கும். டிரேக் தொடங்கியதை லாரெட்டா தொடர்ந்தார். அவ்வேட்டின் அடுத்த அடியைப் படிக்கப்போகிறவர், இன்று எங்கோ ஒரு வகுப்பறையில் அமர்ந்து பாடங்கேட்டுக் கொண்டிருத்தலும் கூடும்.