காரில் சின்ன இடி: கையில் பணம் வாங்குவதா, காப்புறுதிக்குப் போவதா?

சனிக்கிழமை காலை. பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குப் பழைய மைவி காரில் ஒரு மாது போய்க்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பின்னால் வந்த கார் ‘டொக்’கென்று இடிக்கிறது. இறங்கிப் பார்த்தால் பின்பக்க பம்பரில் ஒரு கீறல், ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு நசுங்கல். இடித்த இளைஞர் பதற்றத்தோடு ஓடி வருகிறார். “அக்கா, போலீசெல்லாம் வேணாம்க்கா. 200 வெள்ளி வச்சுக்குங்க. பத்தலைன்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க.”

பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. வெயில் ஏறுகிறது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

திங்கட்கிழமை பட்டறையில் ஃபோர்மன் பம்பரைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே பம்பரைத் தாங்கும் பாகம் வளைந்திருக்கிறது, சென்சார் ஒன்று உடைந்திருக்கிறது. செலவு 1,150 வெள்ளி. கொடுத்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. போலீசில் புகார் செய்ய வேண்டிய 24 மணி நேரமும் கடந்துவிட்டது.

இது ஓர் உதாரணம்தான். ஆனால், கார் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல. சின்ன விபத்தைப் பேசித் தீர்த்துக்கொள்வது சில நேரங்களில் புத்திசாலித்தனம். சில நேரங்களில் அது நம் தலையில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது. எது எப்போது என்பதை எப்படி முடிவு செய்வது?

முதலில் கேட்க வேண்டியது: தவறு யாருடையது?

நம்மில் பலர் முதலில் கேட்பது, “எவ்வளவு செலவாகும்?” என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, தவறு யாருடையது என்பது. ஏனென்றால், பேசித் தீர்ப்பதால் கிடைக்கும் லாபம் இரு தரப்புக்கும் ஒன்றல்ல. தவறு செய்தவருக்குத்தான் அதில் பெரும் லாபம். தவறே செய்யாதவருக்குக் காப்புறுதி வழியாகப் போனாலும் பெரிதாக எதுவும் குறையப்போவதில்லை. இதற்குக் காரணம் என்.சி.டி. எனப்படும் கழிவு.

என்.சி.டி. என்றால் என்ன?

ஓராண்டு முழுவதும் நம் காப்புறுதியின் மீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்றால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் நமக்குக் கழிவு கிடைக்கிறது. மலேசியாவில் தனியார் கார்களுக்கு இந்தக் கழிவு முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு. அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் 55 விழுக்காட்டை எட்டும். அதற்கு மேல் ஏறாது. மோட்டார்சைக்கிள்களுக்கு உச்ச அளவு 25 விழுக்காடு.

நம் தவறால் ஏற்பட்ட சேதத்திற்குக் கோரிக்கை வைத்தால், இந்தக் கழிவு ஒரேயடியாகப் பூஜ்யத்திற்கு இறங்கிவிடும். 55-இல் இருப்பவர் 45-க்கு இறங்குவதில்லை. மீண்டும் முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழிவுக்கு முன் ஒரு காரின் ஆண்டுக் கட்டணம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவு உள்ளவர் 900 வெள்ளி கட்டுகிறார். அவர் கோரிக்கை வைத்த பிறகு கட்டணம் இப்படி இருக்கும்:

முதல் புதுப்பிப்பு: 2,000 வெள்ளி. கூடுதல் 1,100.
இரண்டாவது: 1,500 வெள்ளி. கூடுதல் 600.
மூன்றாவது: 1,400 வெள்ளி. கூடுதல் 500.
நான்காவது: 1,233.40 வெள்ளி. கூடுதல் 333.40.
ஐந்தாவது: 1,100 வெள்ளி. கூடுதல் 200.

ஆறாவது முறைதான் அவர் பழைய 900 வெள்ளிக்குத் திரும்புகிறார். ஆக, அந்த ஒரு கோரிக்கையின் உண்மையான விலை 2,733.40 வெள்ளி. சேவை வரியையும் முத்திரை வரியையும் இதில் சேர்க்கவில்லை.

“எனக்கு 25 விழுக்காடுதானே, போனால் போகட்டும்” என்று நினைப்பவர்களும் கணக்குப் பார்ப்பது நல்லது. அதே 2,000 வெள்ளிக் கட்டணத்தில், 25 விழுக்காட்டில் இருப்பவர் கோரிக்கை வைத்தால் ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகக் கட்டுவது 1,700 வெள்ளி. இருக்கும் கழிவு மட்டும் போவதில்லை; அடுத்து ஏறவேண்டிய படிகளும் தள்ளிப்போகின்றன.

அத்துடன், 2017 ஜூலை மாதம் முதல் விரிவான காப்புறுதிக்கான கட்டணத்தை நிறுவனங்களே அபாயத்தைக் கணக்கிட்டு நிர்ணயிக்கின்றன. கழிவுக்கு முந்திய அடிப்படைக் கட்டணமும் மாறக்கூடும்.

தவறு நம்முடையது என்றால்

வீட்டு வாசலில் பின்னோக்கி எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டோம். வேறு யாரும் சம்பந்தப்படவில்லை. செலவு 800 வெள்ளி என்றால், மேலே பார்த்த கணக்குப்படி சொந்தப் பணத்தில் சரிசெய்வதே மேல். 5,000 வெள்ளி என்றால் காப்புறுதிக்குப் போவதே மேல். இடைப்பட்ட தொகை என்றால், அவரவர் கட்டணத்தையும் கழிவையும் வைத்து மேலே செய்தது போலவே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கையில் இன்று ரொக்கம் இல்லாத குடும்பத்திற்கு, ஐந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகக் கட்டுவது சுலபமாகத் தோன்றலாம். அதுவும் நியாயமான காரணமே.

இன்னொரு காரும் சம்பந்தப்பட்டிருந்தால், இரண்டு கார்களின் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாம் கோரிக்கை வைக்காவிட்டாலும், இடிபட்டவர் நம் காப்புறுதியின் மீது கோரிக்கை வைத்தால் நம் என்.சி.டி. போய்விடும். எனவே அவர் பேசித் தீர்க்க மறுத்துவிட்டால், நம் காரை மட்டும் சொந்தப் பணத்தில் செய்வதால் கழிவு காப்பாற்றப்படாது. நம்மிடம் விரிவான காப்புறுதி இருந்தால், நம் சேதத்திற்கும் கோரிக்கை வைப்பதுதான் முறை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுடைய தவறால் அவர்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்திற்கு ஒரு காசும் கிடைக்காது. பழைய கார்களும் மோட்டார்சைக்கிள்களும் வைத்திருக்கும் தோட்டப்புற மக்கள், தங்கள் பத்திரம் எந்த வகை என்பதை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

தவறு எதிராளியுடையது என்றால்

பந்திங் மாதின் நிலைமை இதுதான். இவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தம்முடைய காப்புறுதி நிறுவனத்திடமே கோருவது. இரண்டு தனியார் கார்களுக்கும் விரிவான காப்புறுதி இருந்து, தவறு எதிராளியுடையது என்று போலீஸ் விசாரணையில் தெரிந்தால், ‘நாக் ஃபோர் நாக்’ எனப்படும் முறையில் இவருடைய நிறுவனமே செலவை ஏற்கும். என்.சி.டி. அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி, எதிராளியின் காப்புறுதி நிறுவனத்திடம் மூன்றாம் தரப்புச் சொத்து சேதமாகக் கோருவது. இதிலும் என்.சி.டி. பாதிக்கப்படாது. கார் பட்டறையில் கிடக்கும் நாள்களுக்கு, அதைப் பயன்படுத்த முடியாமல் போனதற்கான இழப்பீட்டையும் இந்த வழியில் கேட்கலாம். ஆனால், சேத மதிப்பீட்டாளரின் அறிக்கை, போலீஸ் ஆவணங்கள் என்று அலைச்சல் அதிகம், காலமும் பிடிக்கும்.

ஆகவே, தவறு செய்யாதவர் குறைந்த தொகைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சின்னக் கீறலுக்காகப் பல நாள்கள் அலைய வேண்டாம் என்று நினைத்தால், முழுச் செலவையும் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். அது பாவம் பார்த்து எடுக்கும் முடிவாகவும் இருக்கலாம். ஆனால், செலவு எவ்வளவு என்று தெரியாமல் சாலையோரத்தில் நின்று எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது.

பேசித் தீர்த்தாலும் போலீஸ் புகார் உண்டா?

உண்டு. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். தவறு செய்தவருக்கு 300 வெள்ளி வரை சம்மன் வரக்கூடும். “போலீஸ் வேண்டாம்” என்று பலர் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகார் செய்துவிட்டால் கோரிக்கை வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. காப்புறுதி நிறுவனத்திற்கோ முகவருக்கோ தகவல் சொல்வது வேறு. இழப்பீடு கோருவது வேறு. என்.சி.டி.யைப் பாதிப்பது கோரிக்கைதான். புகார் கையில் இருந்தால், இன்று பணம் தருவதாகச் சொன்னவர் நாளை காணாமல் போனாலும் நமக்குக் காப்புறுதியின் கதவு திறந்தே இருக்கும். அது இல்லாவிட்டால் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுதான் மிஞ்சும்.

எப்போது பேசித் தீர்க்கவே கூடாது?

யாருக்காவது அடிபட்டிருந்தால், பேச்சுக்கே இடமில்லை. மோட்டார்சைக்கிளில் விழுந்து எழுந்தவர் “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். வலியும் வீக்கமும் மறுநாள்தான் தெரியும். வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ நடந்த விபத்து என்றால், பெர்கேசோவில் சந்தா செலுத்தும் தொழிலாளி அங்கே இழப்பீடு கோர உரிமை உண்டு. அதற்கு விபத்து நடந்ததற்கான சான்று தேவை. 100 வெள்ளியை வாங்கிக்கொண்டு புகார் செய்யாமல் விட்டால், பின்னால் அந்த உரிமையை நிலைநாட்டுவது சிரமமாகிவிடும். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் நம் தொழிலாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நிறுவனத்தின் வண்டி, வாடகைக் கார், இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் மோதிய விபத்து, எதிராளி அடையாள அட்டையைக் காட்ட மறுப்பது, தவறு யாருடையது என்பதில் தகராறு ஆகியவற்றிலும் பேசித் தீர்ப்பது ஆபத்து.

பேசித் தீர்ப்பதாக இருந்தால்

• இரண்டு வண்டிகளின் எண் பட்டை, சேதம், சாலையில் நின்ற இடம் எல்லாவற்றையும் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே படம் எடுங்கள். ஆபத்தான இடமென்றால் இரண்டு படங்களோடு ஓரமாக ஒதுங்கிவிடுங்கள்.

• அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் இரண்டையும் படம் எடுங்கள். கொடுத்த தொலைபேசி எண்ணுக்கு அங்கேயே அழைத்துப் பாருங்கள்.

• தொகையைச் சாலையில் முடிவு செய்யாதீர்கள். பட்டறையில் பம்பரைக் கழற்றிப் பார்த்து எழுத்தில் வாங்கிய மதிப்பீட்டை வைத்துப் பேசுங்கள்.

• பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், வாங்குங்கள். எதற்கான பணம் என்று குறிப்பிடுங்கள்.

• பணம் கொடுப்பவர், “இந்த விபத்துக்கான சேதம் முழுமையாகத் தீர்க்கப்பட்டது” என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணமும் போய், பின்னால் காப்புறுதிக் கோரிக்கையும் வரலாம்.

• நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனை காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்புறுதிக்குப் போனாலும் கையிலிருந்து போகும் பணம்

கோரிக்கை வைத்தால் முழுச் செலவும் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ, ‘பி’ உரிமம் வைத்திருப்பவராகவோ, பத்திரத்தில் பெயர் குறிப்பிடப்படாதவராகவோ இருந்தால் முதல் 400 வெள்ளியை நாமே கட்ட வேண்டும். அப்பாவின் காரை மகன் எடுத்துப்போய் இடிக்கும் வீடுகளில் இது அடிக்கடி வரும் செலவு. பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்திருந்தால், பெயர் இல்லாத காரணத்துக்காக இந்தத் தொகை பிடிக்கப்படாது.

ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரில் பழைய பாகத்திற்குப் பதில் புதியது பொருத்தினால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டியிருக்கும். ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காருக்கு அது 40 விழுக்காடு வரை போகலாம்.

கண்ணாடிக்குத் தனியாகக் காப்புறுதி எடுத்திருந்தால் மட்டும் கவலை இல்லை. அதற்கான கோரிக்கை என்.சி.டி.யைத் தொடாது.

கோரிக்கையைப் பேசித் தீர்க்க முடியாமல் நிறுவனத்தோடு சிக்கல் வந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் பேங்க் நெகாராவை நாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையும் உண்டு.

மீண்டும் அந்தப் பந்திங் மாதிடம் வருவோம். அந்த இளைஞர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. 200 வெள்ளிதான் ஆகும் என்று அவரும் உண்மையாகவே நம்பியிருக்கலாம். அந்த மாது செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: “தம்பி, பணம் இப்ப வேணாம். ஐ.சி.யைக் காட்டுங்க, படம் எடுத்துக்கிறேன். ரெண்டு பேரும் போய் ரிப்போர்ட் போட்டுடலாம். பட்டறையில என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுப் பேசிக்கலாம்.”

இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் அவருக்கு 950 வெள்ளியை மிச்சப்படுத்தியிருக்கும்.