கார்ட்டூன் கடைக்காரரின் பெயருக்குள் ஒரு நாவல்

அமெரிக்காவின் ‘த சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் கடை நடத்தும் இந்தியர் ஒருவர் வருகிறார். பெயர் அப்பு. யாழ்ப்பாணத்தில் பெரியவரைக் கூப்பிடும் ‘அப்பு’ அல்ல இது. வங்காள எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலில் வரும் சிறுவனின் பெயர். 1929இல் நூலாக வந்த அந்த நாவலை 1955இல் சத்யஜித் ராய் படமாக்கினார். ராயின் அப்புவை நினைத்தே கார்ட்டூன் எழுத்தாளர்கள் தங்கள் கடைக்காரருக்குப் பெயர் வைத்தார்கள்.

நகைச்சுவைக் கார்ட்டூன்களில் இப்படி இலக்கியத்தை ஒளித்துவைப்பது வழக்கம். அப்பு முதலில் தோன்றிய அத்தியாயம் 1990 பெப்ரவரி 25இல் ஒளிபரப்பானது. அதன் தலைப்பே எட்கர் அலன் போவின் சிறுகதைத் தலைப்பு ஒன்றைத் திரித்தது. போவின் கதையில் கொலைகாரனுக்கு, தான் கொன்றவரின் இதயத் துடிப்பு கேட்கிறது. கார்ட்டூனில், சிலையின் தலையை அறுத்தெடுத்த பையனோடு அந்தத் தலை பேசுகிறது. பிள்ளைகள் ஒரு தடவை சிரிப்பார்கள். போவைப் படித்தவர்கள் இரண்டு தடவை சிரிப்பார்கள்.

ஆனால் அப்புவின் பெயருக்குப் பின்னால் சிரிப்பு இல்லை. நாவலின் அப்பு வறிய வீட்டுப் பிள்ளை. அக்கா துர்க்காவைச் சாவுக்குப் பறிகொடுக்கிறான். பிறகு குடும்பம் ஊரைவிட்டே போகிறது. ராயின் படத்தில், அவர்கள் விட்டுவந்த வீட்டுக்குள் பாம்பு நுழைகிறது. இடம்பெயர்ந்து, பல வருடங்கள் கழித்துத் தன் வளவைப் போய்ப் பார்த்தவருக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

கார்ட்டூன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு கேலி உச்சரிப்பைச் சேர்த்தது. வெள்ளையின நடிகர் ஹாங்க் அசாரியா குரல் கொடுத்தார். அந்தக் குரலால் தெற்காசியப் பிள்ளைகள் பாடசாலைகளில் பட்ட அவமானத்தை, ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படமாக்கினார். 2020இல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார்.

இருந்தும் அதே தொடர் அப்புவுக்கு ஒரு நல்ல அத்தியாயம் கொடுத்தது. 1996இல் வந்த அதன் தலைப்பு, சேக்ஸ்பியரின் நாடகத் தலைப்பில் அப்புவின் பெயரை நுழைத்தது. நகரில் வரி கூடுகிறது. மேயர் பழியைக் குடிவரவாளர்கள்மேல் போடுகிறார். விசா முடிந்த அப்பு முதலில் போலி ஆவணம் வாங்குகிறார். பிறகு மனம் உறுத்த, பிரஜாவுரிமைப் பரீட்சைக்குப் படிக்கிறார். உள்நாட்டுப் போரின் காரணம் என்ன என்று பரீட்சையில் கேட்கிறார்கள். அவர் பல காரணங்களை விரித்துச் சொல்லத் தொடங்க, ஒற்றைச் சொல்லில் முடிக்கும்படி அதிகாரி சொல்கிறார். அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

ஆவணம் இல்லாததால் அந்நியராவது நமக்குப் புதிதல்ல. லக்கலவும் அடங்கிய இந்த மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களுக்கு, 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள் தமிழர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் தகப்பன் பிறந்த இடத்துக்கு ஆதாரம் கேட்டது. பல இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள்.

புலம்பெயர் நாட்டில் ஒரு பிள்ளையை யாராவது ‘அப்பு’ என்று கேலி செய்தால், அந்தப் பெயரின் கதையை வீட்டில் சொல்லிக் கொடுக்கலாம். கேலி செய்பவர் அந்த நாவலைப் படித்திருக்க மாட்டார்.