மாசியில் பழுக்கும் கல்வராயன் மலை: இலை ஏன் நிறம் மாறுகிறது என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

“அப்பா, இந்த மரமெல்லாம் செத்துப் போச்சா?”

மாசி மாதத்தில் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைப்பாதையில் வெள்ளிமலை நோக்கி ஏறும் எந்தக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி வரலாம். கார்த்திகையில் வந்தபோது அதே பாதை பச்சைப் பசேலென்று இருந்தது. இப்போது பாதி மரங்கள் மொட்டை. மீதி மரங்களில் மஞ்சளும் பழுப்புமாக இலைகள். கீழே முழுக்கச் சருகு.

“வெயில் வந்துடுச்சு கண்ணு, அதான் காஞ்சு போச்சு” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இது பாதி சரி. ஆனால், இலை காய்ந்து போவதும், மரமே இலையைக் கழற்றி விடுவதும் ஒன்றல்ல. குழந்தைக்குச் சொல்ல வேண்டிய சுவாரசியமே அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

வீடியோவில் செப்டம்பர், மலையில் மாசி

யூடியூப் ரைம்ஸ், எல்கேஜி புத்தகம், கலரிங் ஷீட் எல்லாவற்றிலும் இலை நிறம் மாறுவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஆரஞ்சு நிற மேப்பிள் இலை, ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள். அது ஐரோப்பா, வட அமெரிக்காவின் கதை. அதே மாதங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மழைக்காலம். மேகம், பெரியார் அருவிகளுக்குத் தண்ணீர் வரத்து கூடுகிற நேரம். காடு மிகவும் பச்சையாக இருப்பதும் அப்போதுதான்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழை, குளிர், பனி, வெப்பம் எல்லாம் இந்தப் பெயர்களில் இருக்கின்றன. இலை உதிர்வதை வைத்து ஒரு பெயரும் இல்லை. ‘இலையுதிர் காலம்’ என்று இன்று நாம் சொல்வது, ஆங்கிலப் பருவத்துக்கு நாம் வைத்த பெயர்.

இதனால் ஒரு சிக்கல் வருகிறது. ஐப்பசி மழையில் நனைந்தபடி பள்ளிக்கு வரும் குழந்தை, ‘இப்போது இலைகள் உதிரும்’ என்று படிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அப்படி எதுவும் நடக்கவில்லை. நான்கு மாதம் கழித்து உண்மையிலேயே இலை கொட்டும்போது, அந்தப் பாடம் எப்போதோ முடிந்திருக்கும். அறிவியல் என்பது வேறு ஊரில் நடப்பது என்று குழந்தை முடிவு கட்டிவிட இது போதும்.

இலைக்குள் என்ன நடக்கிறது?

ஐந்து வயதுக் குழந்தைக்கு இப்படிச் சொல்லலாம்: இலைதான் மரத்தோட சமையல்கட்டு. வெயில்தான் அடுப்பு. வேர் தண்ணீர் கொண்டு வருது, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வருது. சமைக்கிறது பச்சையம். அது பச்சையா இருக்கிறதாலதான் இலையும் பச்சையா தெரியுது.

இலைக்குள் மஞ்சள் நிறமிகளும் எப்போதும் இருக்கின்றன. பச்சையம் அதிகமாக இருப்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவையும்.

சமையல்கட்டைப் பூட்டும் நேரம் வந்ததும் மரம் பச்சையத்தை உடைக்கிறது. இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது பண்டபாத்திரங்களை எடுத்துக்கொண்டு, சுவரில் அடித்த பெயின்டை விட்டுவிட்டுப் போகிறோமே, அதைப் போலத்தான். மிஞ்சும் அந்தப் பெயின்ட்தான் மஞ்சள். கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவு அடுக்கு உருவாகிறது. லேசான காற்று போதும், இலை விழுந்துவிடும்.

அங்கே குளிர், இங்கே தாகம்

குளிர் நாடுகளில் பகல் நேரம் குறைவதும் குளிர் கூடுவதும் மரத்துக்கு சிக்னல். கல்வராயன் மலையின் பெரும்பகுதி வறண்ட இலையுதிர் காடு. இங்கே முக்கியக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கும் மேல் இலைகள் வழியே ஆவியாகிப் போகிறது. மழை நின்று, மண் காய ஆரம்பித்ததும் இலைகளை வைத்திருப்பது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தேக்கு, கடுக்காய், இலவம் போன்ற மரங்கள் இலைகளைக் கழித்துவிட்டு, இருக்கிற ஈரத்தை வைத்துக் கோடையைத் தாண்டுகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாறைச் சரிவில் இருக்கும் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது, ஓடைக்கரை மரங்கள் பச்சையாகவே இருக்கும். “ஏன் இது மட்டும் பச்சையா இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பதிலைப் பெரும்பாலும் குழந்தையே சொல்லிவிடும்.

சிவப்பு என்றால் முதுமையா?

பள்ளி வளாகங்களில் நிற்கும் நாட்டு வாதாம் இலை, உதிரும் முன் செக்கச் செவேலென்று ஆகும். இந்தச் சிவப்பு மஞ்சளைப் போல உள்ளே மறைந்திருந்தது அல்ல. ஆந்தோசயனின் என்ற நிறமியை இலை புதிதாகத் தயாரிக்கிறது.

ஆனால், மா மரத்தையும் அரச மரத்தையும் பாருங்கள். அவற்றில் செம்பு நிறத்தில் மின்னுவது பிறந்த இலை, அதாவது தளிர். பச்சையம் முழுதாகச் சேரும் வரை சுட்டெரிக்கும் வெயிலிலிருந்து தளிரைக் காக்கும் சன்ஸ்கிரீன் போல அந்தச் சிவப்பு வேலை செய்கிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். எனவே ‘சிவப்பு இலை என்றால் கிழ இலை’ என்று கலரிங் ஷீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால், வாசலில் நிற்கும் மாமரமே அதைப் பொய்யாக்கிவிடும்.

செய்து பார்க்க மூன்று விஷயங்கள்

1. இழுத்துப் பார்: ஒரே கிளையில் பச்சை இலை ஒன்று, பழுத்த இலை ஒன்று. இரண்டையும் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பச்சை இலை அடம்பிடிக்கும், கிழியும். பழுத்த இலை தொட்டதும் கையோடு வரும், காம்பின் அடி வழவழப்பாக இருக்கும். இலை பிய்ந்து விழவில்லை, மரம்தான் கழற்றி விட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

2. சாக்பீஸ் சோதனை: பச்சை இலையை நசுக்கி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சிறிது நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றில் வெள்ளை சாக்பீஸை நிற்க வையுங்கள். நிறம் மேலே ஏற ஏற, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலை நிறமிகளைப் பிரித்துக் காட்டியதும் இதே அடிப்படையில்தான். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். பெரியவர்கள்தான் கையாள வேண்டும், பக்கத்தில் அடுப்பு கூடாது.

3. ஒரு குழந்தைக்கு ஒரு மரம்: வாரம் ஒரு முறை அதே மரத்தைப் பார்த்து, தளிர், முற்றிய இலை, பூ, காய் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்கள் இப்படித்தான் மரங்களைக் கவனித்துப் பதிவு செய்கிறார்கள். ஆப் இல்லாவிட்டாலும், பழைய நோட்டு ஒன்று போதும்.

சொற்களிலேயே இருக்கும் பாடம்

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஒரு இலையின் முழு வாழ்க்கைக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இந்த ஐந்தையும் மரத்தடியில் பொறுக்கி வரிசையாக அடுக்கச் சொன்னால், அதுவே ஒரு வகுப்பு. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடிக் குழந்தைகளுக்கோ, கடுக்காய் மரம் எப்போது மொட்டையாகும், எப்போது துளிர்க்கும் என்பது பார்த்துப் பழகிய விஷயம். டீச்சர் சொல்லித்தருவதைவிட அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சருகோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. காய்ந்த சருகுதான் கோடையில் காட்டுத் தீக்கு முதல் எரிபொருள். மலைக்குப் போகிறவர்கள் சிகரெட் துண்டையோ, அணைக்காத நெருப்பையோ அங்கே விட்டுவரக் கூடாது. தீப்பிடிக்காவிட்டால் அதே சருகு மக்கி மண்ணுக்கு உரமாகும், வேர் வழியே மறுபடி மரத்துக்குள் போகும்.

சரி, பைக்கில் வந்த கேள்விக்கு என்ன பதில்? வண்டியை ஓரமாக நிறுத்தி, தாழ்ந்த கிளை ஒன்றைக் காட்டுங்கள். இலை விழுந்த தழும்புக்கு மேலே குட்டியாக ஒரு மொட்டு தெரியும்.

“சாகலை கண்ணு. தண்ணி பத்தலைன்னு சமையல்கட்டைப் பூட்டி வெச்சிருக்கு. அடுத்த இலை இதோ, இங்கேதான் இருக்கு.”