ஒரு துளித் தண்ணீரில் இரண்டு வாயு… தெரியுமா?

1800, லண்டன். மின்கலம் செய்வது எப்படி என்று இத்தாலியிலிருந்து வோல்ட்டா எழுதிய கடிதம் வந்து சேர்ந்திருந்தது. அது அச்சேறும் வரை பொறுமை யாருக்கு? வேதியியலாளர் நிக்கல்சனும் மருத்துவர் கார்லைலும் வெள்ளி நாணயம், துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார்கள்! கம்பி நன்றாகத் தொடட்டும் என்று மேல் தகட்டில் ஒரு துளி தண்ணீர் விட்டால்… குமிழி! துருவிப் பார்த்தால் ஒரு கம்பியில் ஹைட்ரஜன், மறு கம்பியில் ஆக்சிஜன்!

1789-லேயே ஆம்ஸ்டர்டாமில் மின்பொறி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்தாயிற்று. ஆனால் அங்கே இரண்டும் கலந்தே வந்தன. இங்கோ தனித்தனி! உடைவது ஒரே தண்ணீர் என்றால், ஒன்று இங்கும் ஒன்று அங்கும் வருவது எப்படி? வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுவதுபோல ஹைட்ரஜன் துகளுக்குத் துகள் தாவுகிறது என்று 1806-ல் பதில் சொன்னார் வேதியியலாளர் குரோத்தஸ். அப்போது அவருக்கு 21 வயதுதான், அவ்வளவு இளைஞர்!

வீட்டிலேயே பார்க்கலாம், தெரியுமா? இருபுறமும் சீவிய இரண்டு பென்சில், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சமையல் சோடா கலந்த தண்ணீர். மைனஸ் பக்கம் குமிழி இரண்டு மடங்கு! அதுதான் ஹைட்ரஜன். உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், குளோரின் கிளம்பும். வாயுக்களைச் சேர்த்து மூடி வைக்கவும் கூடாது. பொறி பட்டால் வெடிக்கும்.

9 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஹைட்ரஜன், 8 கிலோ ஆக்சிஜன்! அப்படியென்றால் தண்ணீரில் பைக் ஓட்டலாமே என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். பிரிக்கச் செலவாகும் மின்சாரம், எரித்துக் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம்.

தண்ணீரைப் பிரித்துவந்த நார்வேயின் வெமோர்க் ஆலையில் இன்னொரு விந்தை. கலங்களில் மின்சாரம் பாயும்போது சாதா ஹைட்ரஜன் முந்திக்கொண்டு பிரியும். மிஞ்சும் தண்ணீரில் கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீர் சேர்ந்துகொண்டே போகும். போரில் நார்வேயைப் பிடித்திருந்த ஜெர்மனியின் அணு ஆய்வுக்கு அது போய்விடக் கூடாதென்று, 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் பனியில் சறுக்கிவந்து அந்தக் கலங்களைத் தகர்த்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை!

சர்வதேச விண்வெளி நிலையத்தில் மூச்சுவிட ஆக்சிஜனும் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துத்தான். அதற்கான தண்ணீரில் ஒரு பங்கு எங்கிருந்து என்கிறீர்கள்? வீரர்களின் சிறுநீரைச் சுத்திகரித்து!