குட்டை மரத்துக்கு முதலில் பெரிய தொட்டி

‘போன்சாய் விதை’ என்று பொட்டலம் போட்டு இணையக் கடைகளில் விற்கிறார்கள். அப்படித் தனியாக ஒரு விதை கிடையாது. போன்சாய்க்கும் காட்டு மரத்துக்கும் விதை ஒன்றுதான்; கத்தரியை நிறுத்தித் தரையில் நட்டுவிட்டால் அது மளமளவென்று உயர்ந்துவிடும். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு, 1945இல் ஹிரோஷிமா குண்டுக்கும் தப்பிய மரம். அதுவும் சாதாரண மலைப்பைன் இனம்தான்.

திண்டுக்கல் பேகம்பூரில் இதைத் தொடங்கப் பொட்டலம் எதற்கு? மாசி, பங்குனியில் உதிரும் புளியம்பழத்தின் கொட்டை போதும். தோலை ஓரமாக உரசி, ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். புளியின் சிற்றிலைகள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். குட்டை மரத்துக்கு அளவு பொருந்தும். உள்ளங்கை அகல ஆலிலை, முழ உயர மரத்தில் கொஞ்சம் கேலிக்கூத்தாகவே இருக்கும்.

முளைத்த கன்றை அப்படியே அழகுத் தட்டில் வைப்பதுதான் புதியவர்களின் அவசரம். பழைய காரைச் சுவர் இடுக்கில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் குச்சியாகவே நிற்கும். வேர் எப்போது தரையைத் தொடுகிறதோ, அப்போதுதான் தண்டு பருக்கத் தொடங்கும். பட்டைக்கு உள்ளே உள்ள வளர்திசு, இலைகள் சமைத்துத் தரும் சர்க்கரையைக் கொண்டே ஆண்டுதோறும் கட்டை சேர்க்கிறது. வேர் குறைந்தால் இலை குறையும். இலை குறைந்தால் தண்டு பருக்காது. ஆகவே முதல் நான்கைந்து ஆண்டுகள் கன்று தரையிலோ அகலத் தொட்டியிலோ தாராளமாக வளரட்டும். அடிக்கிளை ஒன்றை வெட்டாமல் நீள விடுங்கள். அடிமரம் பருத்தபின் அதை நறுக்கிவிடலாம்.

கத்தரி பிறகு. நுனிக்குருத்தில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கிப் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தப் பிடி தளர்ந்து கிளைகள் புறப்படும். கீழேயும் இதே வேலைதான்: புளி ஆணிவேரை ஆழமாக இறக்கும்; கன்றை இடம் மாற்றும்போது அதைக் கத்தரித்தால் பக்கவேர்கள் பரவும். ஐப்பசி மழை இறங்கி வெயில் தணிந்த நாளில் இதைச் செய்வது நல்லது. வேர் இழந்த கன்றால் கோடை வெயிலில் இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது.

தட்டுக்கு மாற்றும்போது மண்ணில் கவனம் வேண்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் ஈரப்படலம் வடியாமல் தேங்கும். அதன் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல, மண்துகளின் பருமனைப் பொறுத்தது. துகள் நைஸாக இருந்தால் ஆழமில்லாத தட்டில் அந்தப் படலமே வேர் முழுவதையும் மூழ்கடித்துவிடும். வெறும் செம்மண் இதற்கு ஆகாது. உடைந்த செங்கல்லை நொறுக்கி, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு கொஞ்சம் மட்கிய எரு கலந்தால் போதும். கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் இலவசமாகக் கிடைக்கும் சரக்கு.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றினால் வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். பட்டையில் பதிந்த தழும்பு எளிதில் ஆறாது. இன்னொன்று, மரத்தை ஹாலில் டிவி பக்கத்தில் வைக்காதீர்கள். புளிக்கு வெளிவெயில் வேண்டும். விருந்தாளிக்குக் காட்டிவிட்டு அன்றே மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். சித்திரையில் மட்டும் பச்சை நிழல்வலைக்கு அடியில்.