ஹந்தானையின் பெயர் தாங்கிய முறைமை



பேராதனைப் பல்கலைக்கழகத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரைக் கண்டி வட்டாரத்தில் அறியாதார் இலர். அம்மலையின் பெயரால் கணினி முறைமை ஒன்று நம் நாட்டில் வெளிவந்தது என்பதை அறிந்தவரோ மிகச் சிலர். 'ஹந்தானா லினக்ஸ்' என்பது அதன் பெயர்.

கணினியின் உறுப்புக்களையெல்லாம் இயக்கி ஆள்வது பணிசெயல் முறைமை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய முறைமையின் கருவை ஆக்கி, அதன் மூல நிரலையும் உலகறிய வெளியிட்டார். அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமையினாலேயே டெபியன், பெடோரா முதலிய தொகுதிகள் எழுந்தன. பெடோராவினின்று நம்மவர் ஹந்தானாவை ஆக்கினர்.

இன்று இதனைப் பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பல ஏற்கமாட்டா. பாடசாலைகளிலுள்ள அக்கணினிகளை மூலையில் ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவற்றுட் பலவற்றில் லினக்ஸ் செவ்வனே இயங்கும்.

நிறுவும் முறை கடினமன்று. முறைமையை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்குதல் வேண்டும். வன்தட்டைத் தொடாமலே அதனை இயக்கிப் பார்க்கலாம்; திரை, ஒலி, இணையம் யாவும் இசைகின்றனவா என்று அறியலாம். மனநிறைவு கொண்ட பின்னரே நிறுவுக.

ஆனால் அதற்குமுன் கோப்புக்களைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. எங்கள் பாடசாலையில் நான் அவசரப்பட்டு, வன்தட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவுக்கு இசைந்துவிட்டேன். மூன்றாண்டுப் புள்ளிப் பதிவுகள் நொடியில் மறைந்தன. கையெழுத்துப் பதிவேடுகள் இருந்தமையால், ஆசிரியர்கள் பல மாலைகள் அமர்ந்து அவற்றை மீண்டும் பதிந்தனர். தவறு கணினியினுடையதன்று, என்னுடையது.

இனி, மென்பொருள் பெறும் வழியைக் காண்போம். லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுப் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். பொதி முகாமையாளர் என்னும் கருவி, வேண்டிய பொதியை அங்கிருந்து கொணர்ந்து, அதன் முத்திரை மெய்யானதா எனச் சோதித்து நிறுவும். தையல் இயந்திரத்திற்கு ஊசியும் நூலும் வேண்டுமல்லவா? அவ்வாறே ஒரு பொதி சார்ந்திருக்கும் துணைப் பொதிகளையும் அதுவே தேடிக் கொணரும். வேண்டாதவற்றை நீக்குவதும், எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பிப்பதும் அதன் பணியே. பெடோராவில் 'யம்' என்னும் கருவி இருந்தது. 2015 முதல் 'டி.என்.எப்.' அவ்விடத்தைப் பெற்றது. டெபியனில் 'ஆப்ட்' உண்டு.

ஹந்தானாவுக்கு இன்று புதிய பதிப்புக்கள் வருவதில்லை. புதுப்பிக்கப்படாத முறைமை தாழில்லாத கதவு போன்றது. ஆதலின் இப்போது நிறுவுவோர் பெடோரா, டெபியன் போன்று தொடர்ந்து பேணப்படுவனவற்றையே தெரிதல் நன்று. எனினும், மூலம் திறந்திருந்தால் நம் நாட்டவரும் நம் மலையின் பெயரால் ஒரு முறைமையை ஆக்கலாம் என்பதை ஹந்தானா காட்டிச் சென்றது. நம் மாணவர் அப்பாதையில் மீண்டும் ஏறுவாராக.